ஒரு சோடி வெள்ளைக் கையுறை

வாசிப்பு மாலை இருக்கிற சனிக்கிழமைகளில் எங்கள் வீடு மண்ணெண்ணெய் மணக்கும். அப்பா கிணற்றடியில் குந்தியிருந்து கை கழுவுகிறார் என்று அதற்கு அர்த்தம். முதலில் மண்ணெண்ணெயில் தோய்த்த பழந்துணி. பிறகு ஒரு பிடி கடற்கரை மணல். பிறகு பிழிந்து முடிந்த தேசிக்காய்க் கோது. கடைசியாக உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம். இவ்வளவும் முடிந்து அவர் கைகளை வெயிலில் விரித்துப் பார்ப்பார். கழுவத் தொடங்கியபோது எப்படி இருந்தனவோ அப்படியே அவை இருக்கும்.

அப்பா கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் ஃபிட்டராக இருந்தார். வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய பிறகும் இயந்திரப் படகுகள் பழுதாவது நிற்கவில்லை. அதனால் அப்பாவின் வேலையும் நிற்கவில்லை. எஞ்சின் ஒயிலும் கிறீசும் இரும்புத் தூளும் அவருடைய கைகளுக்குள் குடியேறி, நான் பிறக்கும் முன்பே பல வருடம் ஆகியிருந்தது. உள்ளங்கை ரேகைகள் பேனையால் கீறியவை போல் இருக்கும். நகங்களின் ஓரம் கறுப்புப் பிறை. பழைய காயங்கள் ஆறியபோது தோலுக்குள் அகப்பட்டுக்கொண்ட இரும்புப் பொடிகள் நீலப் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் அந்தக் கறுப்பு ஒன்றிலும் ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் தம்பிக்கும் சோறு குழைத்து உருட்டித் தந்தது அந்தக் கைதான். ஒருநாளாவது சோறு நிறம் மாறியதில்லை.

எங்கள் பாடசாலை ஐந்தாம் வகுப்புடன் முடிந்துவிடுகிற சிறிய பாடசாலை. மண்டபத்தின் கடைசி அறையை நூலகம் என்று சொன்னார்கள். நேவிக்காரர் ஏலம் விட்ட சாமான்களில் இருந்து எடுத்த இரண்டு கண்ணாடி அலுமாரிகள் அங்கே நின்றன. வந்தபோது அவற்றுக்குத் திறப்பு இல்லை. நூலகத்துக்குப் பொறுப்பான ரீச்சர் என்னிடம் சொல்லியனுப்ப, அப்பா ஒருநாள் வேலை முடிந்த கையோடு வந்து பூட்டுகளைக் கழற்றிக்கொண்டு போய், தன் பட்டறையில் திறப்பு வெட்டிக் கொண்டுவந்து பூட்டினார். கண்ணாடிக் கதவுகளைத் திறந்தும் மூடியும் சரி பார்த்தார். அன்றைக்கு அவருடைய கையை யாரும் பார்க்கவில்லை.

குடும்ப வாசிப்பு மாலை என்ற யோசனை அந்த ரீச்சருடையது. இளம் வயது, யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். பிள்ளைகள் வீட்டில் வாசிப்பதில்லை, ஏனென்றால் வீட்டில் புத்தகம் இல்லை என்று கண்டுபிடித்து, அப்படியென்றால் வீட்டையே புத்தகத்திடம் கூட்டிவருவோம் என்று முடிவு செய்தார். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு, தாயும் தகப்பனும் பிள்ளைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு நூலகத்துக்கு வர வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாய், ஒரு புத்தகம். தகப்பனோ தாயோ ஓர் அத்தியாயம் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். எல்லோரும் முடித்த பிறகு, ஒவ்வொரு பாயிலிருந்தும் ஒரு பிள்ளை முன்னால் போய்த் தங்கள் கதையில் இன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தகம் முடியும்வரை அது அந்தக் குடும்பத்துக்குரியது. வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

அந்தக் கடைசி விதி ரீச்சருடையது அல்ல. பெற்றோர் சங்கத் தலைவருடையது. அவர் ஓர் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுமாரித் திறப்புகள் அவருடைய இடுப்பில் இருந்தன. புதிய புத்தகம் எதுவானாலும் முதலில் அவர் வீட்டுக்குப் போய், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவரால் வாசிக்கப்பட்டு, பிள்ளைகளுக்கு உகந்தது என்று தெரிந்த பிறகே அலுமாரிக்கு வரும். எதையும் எழுத வேண்டுமென்றால் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு எழுதுவார். அது ஊதாவாக எழுதும். அதனால் அவருடைய கீழுதட்டில் எப்போதும் ஓர் ஊதாப் புள்ளி இருக்கும். பாடசாலையில் அவருக்கு நாவற்பழம் என்று பட்டம். பட்டத்தின் காரணம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். நானோ, அவர் வீட்டில் வருடம் முழுவதும் காய்க்கிற ஒரு நாவல் மரம் நிற்கிறது என்றே நம்பியிருந்தேன்.

எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு யானைக்குட்டியின் கதை. அரசனுடைய லாயத்திலிருந்து ஓடிப்போன குட்டி, காடு காடாக அலைந்து தாயைத் தேடுகிறது. தடித்த அட்டை, அத்தியாயத்துக்கு ஒரு படம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் ஒரு சின்ன ஊதாப் பூ இருந்தது. சில பக்கங்களில் விரிந்த பூ, சில பக்கங்களில் மொட்டு. படம் இல்லாத பக்கத்திலும் பூ இருந்தது.

முதலாவது மாலையில் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. அந்த அறையில் நடந்தவை எல்லாமே மிகுந்த மரியாதையோடு நடந்தன.

வாசலில் ஒரு முக்காலியில் எனாமல் பேசின் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் சவுக்காரம், ஒரு துவாய். தலைவர் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கை கழுவித் துடைத்துவிட்டு அவருக்குக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். எங்களுக்கு முன்னால், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்த ஒருவரின் குடும்பம். அவர் கை நனைத்ததோடு சரி. "வாங்கோ, வாங்கோ, உள்ள போய் இருங்கோ" என்று தலைவர் அவரை அனுப்பினார். அடுத்தது அப்பா. வீட்டில் மண்ணெண்ணெயும் மணலும் போட்டுக் கழுவிய கையை மீண்டும் கழுவி, துடைத்து, நீட்டினார். தலைவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இன்னொருக்கால் கழுவிப் பாருமன்" என்றார்.

அப்பா கழுவினார். பேசின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்குள் என் முகம் தெரிந்தது. பின்னால் வரிசை நீண்டது. அப்பா கையை மறுபடி நீட்டியபோது தலைவர் அதைப் பார்க்கவில்லை, அப்பாவின் தோளில் தட்டினார்.

"குறை நினையாதையும். புத்தகம் பொதுச் சொத்து. பிள்ளை புரட்டட்டும், நீர் பாத்து வாசியும்."

கச்சேரிக்காரருக்கு "வாங்கோ", அப்பாவுக்கு ஒரு படி கீழான "நீர்". அந்த வயதில் எனக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, பிள்ளை புரட்டட்டும் என்பது மட்டும்தான். அந்த அறையில் வேறு எந்தப் பிள்ளைக்கும் புத்தகம் புரட்டுகிற வேலை கிடைக்கவில்லை. நான் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா இரண்டு கைகளையும் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு என் பக்கமாகச் சரிந்தார். நான் ஊதாப் பூவில் விரலை வைத்து முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

இங்கே அப்பா வாசிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனாலும் தேத்தண்ணிக் கடையில் பேப்பரை அவர்தான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். சுட்டுவிரலை வரிக்குக் கீழே ஓடவிட்டு, அந்த விரலின் வேகத்துக்கு வாசிப்பார். விரல் நின்றால் குரலும் நிற்கும். வேலைத் தளத்திலும் அவர் கண்ணால் பார்த்ததை விரலால் தடவித்தான் முடிவுக்கு வருவார் என்று அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சொல்வார்.

கமக்கட்டுக்குள் விரல்கள் இருக்க, அப்பாவுக்கு வரி தப்பியது. ஒரே வரியை இரண்டு தரம் வாசித்தார். ஒரு வரியின் பாதியிலிருந்து அடுத்த வரியின் பாதிக்குத் தாவினார். யானைக்குட்டி ஆற்றைக் கடக்காமலே அக்கரையில் நின்றது. திரும்பப் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. அவருடைய நெற்றியில் வியர்வை இறங்கியது, கை எடுத்துத் துடைக்கவில்லை. பக்கத்துப் பாயில் கச்சேரிக்காரரின் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுடைய தாய் அவனை நுள்ளினார். அதுவும் மரியாதைக்குத்தான்.

திங்கட்கிழமை வகுப்பில், எங்கள் அப்பா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாராம் என்று அவன் எல்லோருக்கும் சொன்னான். நான் அவனுடைய சிலேட்டை உடைத்தேன். அதற்கு வாங்கிய அடியை வீட்டில் சொல்லவில்லை.

அம்மா அந்தச் சனிக்கிழமை இரவு வெடிக்கவில்லை. அடுத்த நாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே தொடங்கினார். துருவலையின் சத்தமும் அவருடைய குரலும் ஒரே சுதியில் இருந்தன.

"கோயிலுக்குள்ள போகேக்க கால் கழுவுறம். அது சாமிக்கு. இது ஆருக்கு?"

அப்பா புத்தகம் பொதுச் சொத்து, கவனமாகத்தான் இருக்க வேண்டும் என்று தலைவர் சொன்னதையே சொன்னார்.

"கவனம் எண்டால் எல்லாருக்கும் இருக்க வேணும். உங்களுக்கு மட்டும் எண்டால் அதுக்குப் பேர் வேற" என்றார் அம்மா. "ஊத்தை எண்டு அந்தாள் வாயைத் திறந்து சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு சொல்லியிருப்பன்."

அடுத்த வாசிப்பு மாலைக்கு அப்பா மத்தியானமே கிணற்றடிக்குப் போய்விட்டார். மண்ணெண்ணெய், மணல், தேசிக்காய் எல்லாம் முடிந்தபின் ஒரு செங்கல் துண்டை எடுத்தார். பார்த்துக்கொண்டு நின்ற மாமா கடுமையான எதையும் பகிடியாகத்தான் சொல்வார்.

"அத்தான், இனியும் தேச்சியளெண்டால் எலும்புதான் வெள்ளையா வெளியில வரும். அதைக் காட்டிப் பாருங்கோ, விடுவாங்களோ தெரியாது."

அப்பா சிரித்தார். விரல் முட்டியில் இரத்தம் வந்தபோதுதான் நிறுத்தினார். அன்று வாசலில் தலைவர் கையைப் பார்க்கவே இல்லை. "பிள்ளை புரட்டட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பா கமக்கட்டுக்குள் கையைச் செருகிக்கொண்டு வாசித்தார். யானைக்குட்டி காட்டுத் தேனீக்களிடம் அகப்பட்டது. அது எப்படித் தப்பியது என்று எங்கள் பாயில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. நான் முன்னால் போய், ஓடித் தப்பியது என்று சொன்னேன்.

அதன் பிறகு ரீச்சர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அப்பா அப்போது வேலையில். தலைவர் ஐயா கொஞ்சம் கண்டிப்பானவர்தான், ஆனால் மனதில் ஒன்றும் இல்லாத நல்ல மனிதர், தான் அவரோடு கதைத்து ஒரு வழி செய்திருப்பதாகச் சொன்னார்.

"நல்ல மனுசர் எண்டபடியாத்தான் ரீச்சர், ஒண்டும் கதைக்க ஏலாமக் கிடக்கு" என்றார் அம்மா.

ரீச்சர் செய்த வழி என்னவென்று அடுத்த மாலையில் தெரிந்தது. எல்லோரும் பாய்களில் இருந்தபின் தலைவர் எழுந்து, ஒரு சிறிய கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சோடி வெள்ளைக் கையுறையை உயர்த்திக் காட்டினார். நேவிக்காரர் அணிவகுப்புக்குப் போடுகிற பருத்திக் கையுறை. அலுமாரிகளைப்போல அதுவும் ஏலத்தில் வந்தது. சங்கம் எல்லோருக்கும் பொதுவானது, ஒருவரும் குறைப்பட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது தன் கொள்கை என்று சொன்னார். யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"போட்டுப் பாரும்" என்றார் தலைவர்.

அப்பாவின் கைக்கு அது சின்னது. வலது பெருவிரல் பக்கத்தில் தையல் கொஞ்சம் விட்டது. அவர் ஒவ்வொரு விரலாக இழுத்துச் சரிசெய்து முடிக்கும்வரை அறை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தார். அதை முதன்முறையாகக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் பாரம் பார்ப்பதுபோல் வைத்திருந்தார். பிறகு வெள்ளை விரல் ஒன்றை முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

அப்பா வாசித்தார். தேத்தண்ணிக் கடையில் வாசிக்கிற குரல் அது. யானைக்குட்டி ஒரு பெரிய குளத்தின் வற்றிய ஓரத்தில் தண்ணீர் குடிக்க இறங்கியது. கால் புதைந்தது. இழுக்க இழுக்க அடுத்த காலும் புதைந்தது. சேறு வயிறுவரை ஏறியது. பக்கத்துப் பாய்களில் வாசிப்பு ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. கச்சேரிக்காரரின் மகன் எங்கள் பாயின் விளிம்புவரை நகர்ந்து வந்து வாயைத் திறந்துகொண்டு இருந்தான். அத்தியாயம் குட்டி சேற்றில் நின்றபடியே முடிந்தது. அப்பா புத்தகத்தை மூடியபோது தம்பி அழத் தயாராக இருந்தான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வெள்ளைக் கையுறையோடு அப்பா, கடற்கரை மைதானத்தில் அணிவகுப்பைப் பார்வையிட வருகிற பெரிய அதிகாரியைப்போல் இருந்தார். பக்கம் புரட்டுகிற வேலை என்னிடமிருந்து போனதுகூட எனக்குக் கவலையாக இல்லை.

அம்மா அந்த நேரம் முழுவதும் பாயில் எழும்பியிருந்த ஒரு கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை.

புறப்படும்போது அப்பா கையுறையைக் கழற்றித் தலைவரிடம் நீட்டினார். தலைவர் அதை வாங்கவில்லை.

"வீட்டில குடுத்துத் தோய்ப்பிச்சுக் கொண்டு வாரும். அடுத்த முறைக்கும் வேணும்தானே."

அம்மா அதைக் கேட்டார்.

கையுறை இரண்டு கிழமை எங்கள் அலுமாரித் தட்டில் ஒரு பழைய பேப்பரில் சுற்றியபடி இருந்தது. அம்மா அதைத் தோய்க்கவில்லை. முதல் நாள் மட்டும் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெளிப்பக்கம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளி முழுவதையும் மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். மீண்டும் பேப்பரில் சுற்றிவைத்தார். அப்பா தோய்த்தாயிற்றா என்று கேட்டபோது, அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்பாவுக்கு அது போதும். அவர் அந்தக் கிழமைகளில் வேலை முடிந்து வரும்போது ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடி வருவார். குட்டியை யார் வெளியே இழுப்பார்கள் என்று எங்களோடு பந்தயம் பிடித்தார். தாய் யானை வரும் என்றேன் நான். அரசனின் பாகன் வருவான் என்றான் தம்பி. ஒருவரும் வராவிட்டால் மழை வரும், மழை வந்தால் சேறு இளகும் என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை அவர் கிணற்றடியில் அதிக நேரம் இருக்கவில்லை. கையுறைதான் இருக்கிறதே.

நூலகத்தில் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தோம். தலைவர் மேசையில் இருந்தபடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தபோது அப்பா எழ முன்னமே அம்மா எழுந்துவிட்டார், நானும் பின்னால் போனேன். பேப்பர்ச் சுற்றைப் பிரித்து, கையுறைகளைத் தலைவரின் மேசையில் வைத்தார். ஒன்று வெளிப்பக்கமாக, மற்றது உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பியபடி.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்கோ. நான் தோய்க்கேல்லை. அண்டைக்குக் கழட்டினபடி கிடக்கு. வெளிப்பக்கம் உங்கட புத்தகத்தில பட்டது. உள்பக்கம் அவற்ர கையில பட்டது. எங்க ஊத்தை? எனக்குக் காட்டுங்கோ."

அம்மாவின் குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் அறையில் எல்லா வாசிப்பும் நின்றுவிட்டது. இரண்டு கையுறையும் புதிதாகப் பிரித்ததுபோல் வெள்ளையாக இருந்தன. எல்லோருக்கும் தெரிந்தது. ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா பாயில் அரைவாசி எழுந்தபடி நின்றார், முழுதாக எழவும் இல்லை, இருக்கவும் இல்லை.

தலைவர் இரண்டு கையுறையையும் எடுத்து, யன்னல் பக்கம் திரும்பி, துறைமுகத்திலிருந்து வந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மீண்டும் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"சந்தோசம், பிள்ளை" என்றார். "கொஞ்சமும் பழுதாகேல்லை. நல்லா வேலை செய்யுது. இனி டொக்யாட்டில இருந்து வாற ஆக்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு சோடி எடுப்பம். என்ன ரீச்சர்?"

ரீச்சர் தலையசைத்தார்.

தலைவருக்கு விளங்கவில்லையா, விளங்கியும் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை. அந்த முகத்தை மனதில் எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. ஒரு நல்ல யோசனை நல்ல பலன் தந்துவிட்டது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது. எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான். கள்ளம் இருந்திருந்தால் அவரை ஒரு கள்ளன் என்று சொல்லிவிட்டு நான் என் பாட்டில் போயிருப்பேன்.

அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்து, அவர் எங்கள் புத்தகத்தை எடுத்து, எங்கே விட்டோம் என்று பக்கம் தேடத் தொடங்கினார். "சேத்துக்குள்ள நிண்டது, என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஓம் என்றேன்.

அம்மா மேசையிலிருந்த கையுறைகளை எடுத்துக்கொண்டார். "வாங்கோ, போவம்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா உடனே அசையவில்லை. அவர் தலைவரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. தலைவரின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருந்துவிடப் போகிறார் என்று நான் நினைத்தேன். இருந்துவிட வேண்டும் என்று என் மனம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் குனிந்து, பாயில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். வாசலைக் கடக்கும்போது அம்மா இரண்டு கையுறையையும் எனாமல் பேசினுக்குள் போட்டார். எறியவில்லை. தோய்க்கப் போடுவதுபோல் போட்டார். அவை கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அமிழ்ந்தன.

வெளியே மைதானத்தில் எங்கள் ஊர் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. உள்துறைமுகத்தில் ஒரு கப்பலில் விளக்குப் போட்டிருந்தார்கள். பிள்ளையார் கோயிலடிவரை நடந்தோம். அங்கேதான் அப்பா, அவர் கோபப்பட்டு நான் கேட்ட மிகச் சில வார்த்தைகளைச் சொன்னார்.

"எனக்கு வாசிக்க ஏலுமாய் இருந்தது."

"ஓம்" என்றார் அம்மா. "அவன் தந்த கையால."

அப்பா நின்றார். அம்மா நிற்கவில்லை. கொஞ்சத் தூரம் அம்மா முன்னாலும், தம்பியைச் சுமந்தபடி அப்பா பின்னாலும், யாருடைய பக்கம் போவது என்று தெரியாமல் நான் நடுவிலும் நடந்தோம்.

நாங்கள் பிறகு வாசிப்பு மாலைக்குப் போகவில்லை. தலைவர் சொன்னபடி கையுறைகள் எடுத்தார். மேசை லாச்சி நிறைய எடுத்தார் என்று மாமா எங்கேயோ கேட்டுவந்து சொன்னார். ஆனால் அவற்றைப் போடுவதற்கு ஆட்கள் வரவில்லை. டொக்யாட்டில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக, வேலை, காய்ச்சல், சொந்தக்காரர் வருகை என்று காரணம் சொல்லி நின்றுவிட்டார்கள். மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் வேலை செய்த ஒருவர், கையுறை போட்டு வாசித்தால் வேர்க்குது என்று சொன்னாராம். கடைசியில் கச்சேரிக்காரர் குடும்பத்தைப் போன்ற நாலைந்து பாய்கள் மட்டும் மிஞ்சின. மழைக்காலம் வந்ததும் அதுவும் நின்றது. உழைக்கிற சனத்துக்கு வாசிப்பில் அக்கறை இல்லை என்று சங்கக் கூட்டத்தில் தலைவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி. ரீச்சர் அதற்கும் தலையசைத்திருப்பார்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் மண்ணெண்ணெய் மணப்பது நின்றுபோனது. அப்பா தேத்தண்ணிக் கடையில் தொடர்ந்து பேப்பர் வாசித்தார். அந்தப் பேப்பரின் ஓரங்களிலும் கறுப்பு ஒட்டியதாக ஒருவரும் முறையிடவில்லை. ஆனால் வீட்டில் அவர் எங்களுக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை. நான் என் வாசிப்புப் புத்தகத்தை நீட்டினால், "நீ வாசி, நான் கேக்கிறன்" என்பார். கைகள் கமக்கட்டுக்குள் போய்விடும்.

நான் அம்மாவோடுதான் கோபித்துக்கொண்டேன். மாதக் கணக்காக. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அப்பா அதிகாரிபோல் இருந்தார், அறையே அவருடைய குரலைக் கேட்டது, அம்மாதான் வெறும் ஒரு சோடிக் கையுறையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கெடுத்தார் என்பது என் முடிவு. அம்மா கூப்பிட்டால் காது கேளாதவள்போல் இருந்தேன். தலைவாரவிடாமல் திமிறினேன். இரவில் படுத்தால், குளத்துச் சேற்றில் வயிறுவரை புதைந்து நிற்கிற யானைக்குட்டி நினைவுக்கு வரும். மழை பெய்கிற இரவுகளில் சேறு இளகியிருக்கும் என்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நாங்கள் போன அந்தக் கடைசி மாலையில் தலைவரின் மேசைக்கு மிகப் பக்கத்தில் நின்றது நான்தான். அம்மா வெள்ளைக் கையுறைகளுக்கு முன்னால் நின்றார். அறையில் எல்லோரும் அந்தக் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எங்கள் பக்கத்தைத் தேடுவதற்காகச் சுட்டுவிரலை நாக்கில் வைத்து நனைத்தார். உதட்டின் ஊதாப் புள்ளியில் உரசிக்கொண்டு விரல் வெளியே வந்தது. அதைப் புத்தகத்தின் கீழ் மூலையில் வைத்து ஒரு பக்கம் புரட்டினார். மீண்டும் நனைத்து, இன்னொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் விரல் நேராகப் பூவின்மேல் போய் இருந்தது. விரலை எடுத்தபோது பூ ஈரமாகி, முன்பைவிடக் கொஞ்சம் விரிந்திருந்தது.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, அம்மா மேல் வந்த கோபத்தின் நடுவிலும் தலைவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. பூவைப் பிடித்துத்தான் புரட்ட வேண்டும் என்பது என்னைப்போல் அவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன்.